விண்டோஸ் சர்வரில் எஸ்எஸ்எல் சான்றிதழ்: பொருத்துவது முதல் தானாகப் புதுப்பிப்பது வரை

விண்டோஸ் சர்வரில் ஒரு தளத்துக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் பொருத்தி எச்டிடிபிஎஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. வழி தெரிந்தவருக்கு அரை மணி நேரம் போதும். தலைவலி அதற்கப்புறம்தான் வருகிறது. சான்றிதழுக்குக் காலாவதி தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போது பொருத்தியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், நினைவூட்டும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். ஒரு நாள் காலையில் தளத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் பிரவுசர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும்.

இனி இது அடிக்கடி நடக்கக்கூடும். 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். நாற்பத்தேழு நாளுக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து கையால் மாற்றிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் தானாகப் புதுப்பிக்கும் வழியை முதலில் சொல்கிறேன். விலைக்கு வாங்கிய சான்றிதழைக் கையால் பொருத்தும் வழி பின்னால் வருகிறது. இரண்டும் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வருக்கானவை.

## தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவேடு. உங்கள் டொமைனின் ஏ ரெக்கார்டு இந்த சர்வரின் பொது ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். ஏஏஏஏ ரெக்கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஹோஸ்டிங்கின் ஐபிவி6 முகவரி அதில் மறந்துபோய்க் கிடந்தால், உங்கள் பிரவுசரில் தளம் ஒழுங்காகத் திறக்கும், சான்றிதழ் மட்டும் கிடைக்காது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், டொமைன் உங்களுடையதா என்று சோதிக்க வரும்போது ஐபிவி6 முகவரி இருந்தால் அதைத்தான் முதலில் தட்டும். பல மணி நேரத்தை விழுங்கும் தவறு இது.

அடுத்தது போர்ட்கள். 80, 443 இரண்டும் வெளியிலிருந்து எட்ட வேண்டும். ஐஐஎஸ் நிறுவும்போதே விண்டோஸ் ஃபயர்வாலில் இரண்டுக்கும் விதி போடப்பட்டுவிடும். ஆனால் சர்வர் கிளவுடில் இருந்தால் அங்கே தனியாக இன்னொரு ஃபயர்வால் உண்டு. அதில் 443-ஐத் திறக்க மறந்துவிட்டு, விண்டோஸுக்குள்ளேயே காரணம் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

மூன்றாவது, ஐஐஎஸ் மேனேஜரில் தளத்தின் பைண்டிங், அதாவது எந்தப் பெயருக்கு, எந்தப் போர்ட்டில் வருவதை இந்தத் தளம் ஏற்கும் என்ற அமைப்பு. இடப்பக்கம் தளத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் 'பைண்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். எச்டிடிபி வரிசையில் ஹோஸ்ட் நேம் காலியாக இருந்தால் அதில் டொமைன் பெயரை எழுதுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ சேர்ந்த பெயரும் வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு பைண்டிங் சேர்க்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

கடைசியாக, இப்போதைய ஐஐஎஸ் அமைப்பை ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆப்கமாண்ட் கருவியின் 'ஆட் பேக்கப்' கட்டளையை ஒரு பெயரோடு ஓட்டினால் சில நொடியில் முடிந்துவிடும்.

## முதல் வழி: லெட்ஸ் என்கிரிப்ட், வின்-ஆக்மி

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தரும் லாபநோக்கற்ற அமைப்பு. 2015 டிசம்பர் முதல் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். அவர்களுடைய சான்றிதழ் 'இலவசம் என்பதால் பாதுகாப்புக் குறைவு' என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். தவறு. குறியாக்கத்தின் வலிமையில் காசு கொடுத்து வாங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது.

சான்றிதழை வாங்கிப் பொருத்த லினக்ஸில் செர்ட்பாட் என்ற நிரல் செய்கிற வேலையை விண்டோஸில் செய்ய வின்-ஆக்மி இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து வந்த சிம்பிள்-ஆக்மியும் கிட்டத்தட்ட அதே மெனுக்களோடு இயங்குகிறது. கட்டளை எழுதும் கருப்புத் திரையே வேண்டாம் என்பவர்கள் செர்டிஃபை தி வெப் என்ற கருவியைப் பார்க்கலாம். என் பரிந்துரை முதல் இரண்டில் ஒன்று. சிறியவை, ஐஐஎஸ்-ஐ நன்றாகப் புரிந்துகொள்பவை, ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் தொந்தரவு செய்யாதவை.

1. ஜிப் ஃபைலைத் தரவிறக்கி, நிலையான ஓர் இடத்தில் விரியுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஒரு ஃபோல்டர் நல்லது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ டெஸ்க்டாப்பிலோ வைக்காதீர்கள். தினமும் ஓடப்போகும் நிரல் அங்கிருந்துதான் அழைக்கப்படும். யாராவது டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்தால் புதுப்பித்தலும் சேர்ந்து போய்விடும்.

2. வாக்ஸ் என்ற பெயரில் உள்ள நிரலை வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.

3. மெனு வரும். இயல்பான அமைப்போடு சான்றிதழ் உருவாக்க 'என்' எழுத்தை அழுத்துங்கள். ஐஐஎஸ்-இல் உள்ள தளங்கள் எண்ணோடு வரிசையாகத் தெரியும். உங்கள் தளம் பட்டியலில் இல்லையா? பதற வேண்டாம். ஹோஸ்ட் நேம் காலியாக உள்ள தளங்கள் இங்கே வராது. பைண்டிங்கில் பெயரை எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

4. தளத்தின் எண்ணைக் கொடுங்கள். எந்தெந்தப் பெயர்களுக்குச் சான்றிதழ் என்று கேட்கும். எல்லாப் பைண்டிங்கும் என்றோ, சிலவற்றை மட்டும் என்றோ சொல்லலாம். வேண்டாத பழைய பெயர் ஏதாவது பைண்டிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரு பெயரின் சோதனை தோற்றாலும் மொத்தச் சான்றிதழும் நின்றுவிடும்.

5. விதிமுறைகளை ஏற்று, மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். அவ்வளவுதான்.

இதற்குப் பின் அது தானாகச் செய்கிற வேலைகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஏதாவது தவறினால் எந்தக் கட்டத்தில் தவறியது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு ரகசியக் குறியீட்டைத் தரும். வின்-ஆக்மி அதை உங்கள் டொமைனில் ஒரு குறிப்பிட்ட முகவரியில், 80-ஆம் போர்ட்டில் வைத்துக் காட்டும். ஐஐஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே போர்ட்டில் இது எப்படி முடிகிறது என்றால், விண்டோஸில் 80, 443 போர்ட்களுக்கு வரும் கோரிக்கைகளை உண்மையில் வாங்குவது எச்டிடிபி.சிஸ் என்ற கெர்னல் டிரைவர். ஐஐஎஸ் அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று, அவ்வளவே. அந்த ஒரு முகவரியை மட்டும் வின்-ஆக்மி தன் பெயரில் பதிந்துகொள்கிறது. சோதனை தேறியதும் சான்றிதழ் 'வெப் ஹோஸ்டிங்' என்ற ஸ்டோரில் சேரும், 443 பைண்டிங் உருவாகும், டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் ஓடும் ஒரு பணி பதிவாகும்.

80-ஆம் போர்ட் பற்றி ஒரு கண்டிப்பான சொல். எச்டிடிபிஎஸ் வந்துவிட்டதே என்று பாதுகாப்பு ஆர்வத்தில் 80-ஐ மூடிவிடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் புதுப்பித்தல் தோற்கும். 80-ஐத் திறந்தே வைத்து, வருகிறவர்களை எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்டின் சோதனை அந்தத் திருப்பலையும் பின்தொடரும்.

துணை டொமைன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. டிஎன்எஸ்-இல் டிஎக்ஸ்டி ரெக்கார்டு வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். மெனுவில் 'எம்' எழுத்தை அழுத்தினால் எல்லா விருப்பங்களும் வரும். உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்துக்கான பிளக்இன் அங்கே இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரெக்கார்டைக் கையால் ஒட்டும் விருப்பமும் இருக்கிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் நீங்கள் உட்கார வேண்டும். எதைத் தவிர்க்க இவ்வளவு செய்கிறோமோ அதற்கே திரும்பிப் போவதாகும்.

திரும்பத் திரும்ப முயன்று பார்க்கிறபோது கவனம். ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழுக்கு மேல் தரமாட்டார்கள். ஒரு பெயரின் சோதனை மணிக்கு 5 முறைக்கு மேல் தோற்றாலும் சிறிது நேரம் தடை விழும். வின்-ஆக்மியை 'டெஸ்ட்' விருப்பத்தோடு ஓட்டினால் ஒத்திகைச் சர்வரோடு பேசும். அது தேறிய பிறகு உண்மையானதை வாங்குங்கள்.

## இரண்டாவது வழி: வாங்கிய சான்றிதழைக் கையால் பொருத்துவது

நிறுவனத்தின் பெயரோடு கூடிய சான்றிதழ்தான் வேண்டும் என்பது போன்ற காரணங்களால் சிலர் இந்த வழியில்தான் போக வேண்டியிருக்கும்.

ஐஐஎஸ் மேனேஜரில் இடப்பக்கம் தளத்தை அல்ல, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள சர்வரின் பெயரைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் 'சர்வர் சர்டிபிகேட்ஸ்' என்ற படம் இருக்கும். அதைத் திறந்து, வலப்பக்கம் 'கிரியேட் சர்டிபிகேட் ரிக்வஸ்ட்'. காமன் நேம் இடத்தில் டொமைனின் முழுப் பெயரை எழுதுங்கள். அடுத்த திரையில் கீயின் (குறியாக்கச் சாவியின்) நீளம் கேட்கும். சில பதிப்புகளில் முதலில் 1024 என்று காட்டும். அதை அப்படியே விட்டால் எந்த நிறுவனமும் ஏற்காது. 2048 வையுங்கள். முடிவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். அதுதான் சிஎஸ்ஆர், அதாவது சான்றிதழ் கேட்கும் கோரிக்கை. அதன் உள்ளடக்கத்தைச் சான்றிதழ் விற்பவரிடம் கொடுக்க வேண்டும்.

இந்தத் திரையில் பல பெயர்களை எழுத இடமில்லை. பல டொமைன்களுக்கு ஒரே சான்றிதழ் வேண்டுமானால், லோக்கல் கம்ப்யூட்டர் சான்றிதழ்களைக் காட்டும் 'செர்ட்எல்எம்' கன்சோலைத் திறந்து, 'பெர்சனல்' ஃபோல்டரில் கஸ்டம் ரிக்வஸ்ட் உருவாக்கி, எல்லாப் பெயர்களையும் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். குரோம் பிரவுசர் 2017 முதல் காமன் நேமைப் பார்ப்பதே இல்லை, மாற்றுப் பெயர்களை மட்டும்தான் பார்க்கிறது.

சிஎஸ்ஆர் உருவாகும் அதே நொடியில் அந்த சர்வருக்குள் ஒரு பிரைவேட் கீயும் (ரகசியச் சாவி) உருவாகிறது. அது வெளியே போவதில்லை. விற்பவர் திருப்பி அனுப்பும் ஃபைலில் பொதுவான பாதி மட்டுமே இருக்கிறது. அதனால் சிஎஸ்ஆர் உருவாக்கிய அதே இயந்திரத்தில்தான் 'கம்ப்ளீட் சர்டிபிகேட் ரிக்வஸ்ட்' கொடுத்து முடிக்க வேண்டும். வேறு சர்வரில் முடித்தாலோ, காத்திருக்கும் கோரிக்கையை நடுவில் யாராவது அழித்துவிட்டாலோ, சான்றிதழ் பட்டியலில் வந்ததுபோல் இருக்கும், ஆனால் ரிஃப்ரெஷ் செய்ததும் காணாமல் போகும்.

உறுதி செய்துகொள்ள ஒரு எளிய வழி: செர்ட்எல்எம் கன்சோலில் அந்தச் சான்றிதழின் படத்தை உற்றுப் பாருங்கள். மூலையில் ஒரு சின்னச் சாவி ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு முறை கிளிக் செய்தால், முதல் பக்கத்தின் அடியில், செல்லுபடியாகும் தேதிகளுக்குக் கீழே, இந்தச் சான்றிதழுக்குரிய பிரைவேட் கீ உங்களிடம் உள்ளது என்ற வரி சாவிப் படத்தோடு இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத சான்றிதழை எந்தப் பைண்டிங்கிலும் போட முடியாது. கீ அதே இயந்திரத்தில் இருந்தும் இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், செர்ட்யூட்டில் கருவியின் 'ரிப்பேர்ஸ்டோர்' கட்டளையைச் சான்றிதழின் சீரியல் எண்ணோடு ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். கீயே இல்லையென்றால் புது சிஎஸ்ஆர் உருவாக்கி, மறுபடி வழங்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி. பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் இருக்காது.

சான்றிதழ் பிஎஃப்எக்ஸ் ஃபைலாக வந்தால் வேலை இன்னும் சுலபம். அதற்குள் கீயும் சேர்ந்தே இருக்கிறது, கடவுச்சொல் கொடுத்து இம்போர்ட் செய்தால் போதும். அந்த ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்யும்போது முதல் திரையில் 'கரண்ட் யூசர்', 'லோக்கல் மெஷின்' என்று இரண்டு தேர்வுகள் வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் விட்டால் சான்றிதழ் உங்கள் பயனர் கணக்குக்குள் போய்விடும், ஐஐஎஸ் கண்ணில் படாது. வேலை முடிந்ததும் அந்த பிஎஃப்எக்ஸ் ஃபைலை சர்வரில் போட்டு வைக்காதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பவும் செய்யாதீர்கள். கீ கையில் கிடைத்தவர் உங்கள் தளமாகவே நடிக்கலாம்.

உங்கள் சான்றிதழை விற்பவரின் மூலச் சான்றிதழோடு இணைக்கும் கண்ணியாக அவர் கூடவே தரும் இடைநிலைச் சான்றிதழை லோக்கல் கம்ப்யூட்டரின் 'இன்டர்மீடியட் சர்டிபிகேஷன் அத்தாரிட்டீஸ்' ஃபோல்டரில் இம்போர்ட் செய்யுங்கள். இது விடுபட்டால் வரும் கோளாறு குழப்பமானது: உங்கள் கணினியின் பிரவுசரில் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் குறைந்த கண்ணியை அது தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜாவா நிரல்களும் கர்ல் போன்ற கருவிகளும் சான்றிதழை நம்ப மறுக்கும்.

இனி பைண்டிங். தளத்தின் 'பைண்டிங்ஸ்' திரையில் 'ஆட்', வகை எச்டிடிபிஎஸ், போர்ட் 443, ஹோஸ்ட் நேமில் டொமைன் பெயர். 'ரிக்வயர் சர்வர் நேம் இண்டிகேஷன்' பெட்டியில் டிக் போடுங்கள். கீழே சான்றிதழைத் தேர்ந்தெடுத்து ஓகே. சர்வரை மறுபடி தொடங்கத் தேவையில்லை.

அந்த டிக் பெட்டியைத் தவறவிடாதீர்கள். எஸ்என்ஐ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த வசதி விண்டோஸ் சர்வர் 2012 முதல் இருக்கிறது. அது இல்லாத பைண்டிங்கில் சான்றிதழ் ஐபி முகவரி, போர்ட் என்ற இணையோடுதான் கட்டப்படுகிறது, தளத்தோடு அல்ல. ஒரே ஐபியில் இரண்டு தளங்கள் இருந்து, ஒன்றுக்குச் சான்றிதழை மாற்றினால் மற்றதற்கும் மாறிவிடும். இன்னொரு தளமும் இதே பைண்டிங்கைப் பயன்படுத்துகிறது, தொடரலாமா என்று ஐஐஎஸ் கேட்கும். படிக்காமல் 'யெஸ்' அழுத்தினால் அடுத்த தளம் தவறான சான்றிதழைக் காட்டத் தொடங்கிவிடும்.

## எல்லோரையும் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்புவது

விண்டோஸ் சர்வர் 2019 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், தளத்தைத் தேர்ந்தெடுத்ததும் வலப்பக்கம் 'எச்எஸ்டிஎஸ்' என்ற இணைப்பு இருக்கும். அதிலேயே எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும் பெட்டியும் உண்டு. பழைய பதிப்புகளில் யூஆர்எல் ரீரைட் மாட்யூலைத் தனியாக நிறுவி, எச்டிடிபிஎஸ் 'ஆஃப்' என்ற நிபந்தனையோடு 301 திருப்பல் விதி எழுத வேண்டும்.

விதி எழுதிவிட்டு, 'எஸ்எஸ்எல் செட்டிங்ஸ்' பகுதியில் 'ரிக்வயர் எஸ்எஸ்எல்' பெட்டியிலும் டிக் போடாதீர்கள். எச்டிடிபியில் வருகிறவருக்குத் திருப்பலுக்குப் பதில் 403.4 பிழைதான் கிடைக்கும். சர்வருக்கு முன்னால் லோட் பேலன்சர் இருந்து, அதுவே குறியாக்கத்தை அவிழ்த்து அனுப்புகிறது என்றால் இன்னொரு சிக்கல் வரும். ஐஐஎஸ் கண்ணுக்கு எல்லாமே எச்டிடிபியாகத் தெரியும், திருப்பல் முடிவில்லாமல் சுற்றும். அங்கே லோட் பேலன்சர் சேர்த்து அனுப்பும் ஹெடரைப் பார்த்து நிபந்தனை எழுதுங்கள், அல்லது திருப்பும் வேலையை லோட் பேலன்சரிடமே கொடுத்துவிடுங்கள்.

எச்எஸ்டிஎஸ்-ஐ இயக்கினால், இந்தத் தளத்துக்கு இனி எச்டிடிபிஎஸ் மட்டும்தான் என்று பிரவுசர் மனப்பாடம் செய்துகொள்ளும். நல்ல பாதுகாப்பு, ஆனால் நினைத்தவுடன் திரும்பப் பெற முடியாது. முதலில் 300 நொடி கொடுத்துச் சில நாள் பாருங்கள். எல்லாப் பக்கங்களும் சரியாக இருந்தால் ஓராண்டுக்கு, அதாவது 31536000 நொடிக்கு உயர்த்துங்கள். துணை டொமைன்களையும் சேர்க்கும் பெட்டியை, அவை ஒவ்வொன்றிலும் எச்டிடிபிஎஸ் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தொடுங்கள்.

## பழைய நெறிமுறைகளை அணைப்பது

எஸ்எஸ்எல் 3.0, அதன் வாரிசான டிஎல்எஸ்-இன் 1.0, 1.1 மூன்றும் கைவிடப்பட்டவை. 1.2-வும் 1.3-வும் போதும். விண்டோஸ் சர்வர் 2022-இல் 1.3 இயல்பாகவே இயங்குகிறது. 2019, 2016 பதிப்புகளுக்கு 1.2 தான் எல்லை. அணைக்க ரெஜிஸ்ட்ரியில் எஸ்சேனல் (விண்டோஸில் இந்த நெறிமுறைகளைக் கையாளும் பகுதி) அமைப்பைத் தொட வேண்டும். கையால் செய்வதைவிட ஐஐஎஸ் கிரிப்டோ என்ற இலவசக் கருவி மேல், டிக்கை எடுத்தால் போதும். அங்கே சர்வர், கிளையன்ட் என்று இரண்டு பக்கங்கள் தனித்தனியாக உண்டு. தளத்துக்கு வருகிற இணைப்புகளைக் கட்டுப்படுத்துவது சர்வர் பக்கம். கிளையன்ட் பக்கத்தை யோசிக்காமல் அணைத்தால், இந்த சர்வரிலிருந்து வெளியே போய் டேட்டாபேஸோடு பேசும் பழைய டாட் நெட் நிரல் நின்றுபோகலாம். மாற்றம் நடைமுறைக்கு வர ரீஸ்டார்ட் தேவை, ஆகவே நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

## சரிபார்ப்பு

சர்வருக்குள்ளேயே பிரவுசரைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. வெளியிலிருந்து, முடிந்தால் மொபைல் டேட்டாவில், தளத்தைத் திறங்கள். பிறகு குவாலிஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனையில் டொமைனைக் கொடுத்தால் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டது முதல் பழைய நெறிமுறை வரை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

தளமே திறக்கவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியில் எஸ்சேனல் பதிவுகளைத் தேடுங்கள். 36870 என்ற எண் வந்தால் பிரைவேட் கீயைப் படிக்க முடியவில்லை என்று பொருள், பெரும்பாலும் கீ இருக்கும் ஃபோல்டரின் அனுமதிகள் மாறியிருக்கும். எந்தப் பதிவும் இல்லை என்றால் 443-ஐ வேறு நிரல் பிடித்து வைத்திருக்கிறதா என்று நெட்ஸ்டாட் கட்டளையில் பாருங்கள். எந்த ஐபிக்கு, எந்தப் பெயருக்கு எந்தச் சான்றிதழ் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நெட்ஷெல் கருவியின் 'ஷோ எஸ்எஸ்எல்செர்ட்' கட்டளை அப்படியே காட்டும். ஐஐஎஸ் திரை ஒன்று சொல்லி பிரவுசர் வேறொன்று காட்டும்போது இந்தக் கட்டளை சொல்வதை நம்புங்கள்.

## புதுப்பித்தல் உண்மையில் நடக்குமா?

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, வின்-ஆக்மியின் பணியைக் கண்டுபிடித்து, கையால் ஒருமுறை 'ரன்' கொடுங்கள். கடைசி ஓட்டத்தின் முடிவு 0x0 என்று வர வேண்டும். இயல்பான அமைப்பில் சுமார் 55 நாள் ஆனதும் அது புதிய சான்றிதழை வாங்கும், ஆகவே ஏதாவது கோளாறு என்றாலும் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும். கோளாறு வந்தது உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்த மாதத்தால் பயன். செட்டிங்ஸ் ஃபைலில் உங்கள் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்) விவரங்களைக் கொடுத்தால் தோல்வியை மின்னஞ்சலில் சொல்லும்.

காலாவதி நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் 2025 ஜூனில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே வெளியிலிருந்து கண்காணிக்கும் ஏதாவது ஒரு சேவையில் உங்கள் டொமைனைச் சேர்த்து, காலாவதிக்கு 20 நாள் இருக்கும்போது எச்சரிக்கை வரும்படி வையுங்கள். அந்த எச்சரிக்கை ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலுக்குப் போகாமல் குழுவின் பொது முகவரிக்குப் போகட்டும்.

வாங்கிய சான்றிதழைக் கையால் புதுப்பிக்கிறவர்கள் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் புதியதை இம்போர்ட் செய்யுங்கள், பிறகு ஒவ்வொரு பைண்டிங்கிலும் அதைத் தேர்ந்தெடுங்கள், பிரவுசரில் புதிய தேதி தெரிகிறதா என்று பாருங்கள். பழையதை அழிப்பது அதற்கும் அப்புறம்தான். பெயர் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பட்டியலில் எது புதிது என்று குழப்பம் வரும். இம்போர்ட் செய்தவுடனேயே ஃப்ரெண்ட்லி நேம் இடத்தில் காலாவதி ஆகும் ஆண்டையும் மாதத்தையும் எழுதி வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் இருக்காது.